மூன்றாவது சுழி

எங்கள் வீட்டில் ஏழு வருடம் இருந்து வேலை செய்த சேச்சிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. ஒரு கோடை விடுமுறையும் கொஞ்சம் மழையும், அவ்வளவுதான் அந்தக் காலம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை. இப்போது அம்மாவும் போய்விட்டாள். இனி என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை, காப்பாற்றவும் வேண்டாம்.

பாறசாலையிலிருந்து செங்கலுக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. அம்மா நெய்யாற்றின்கரைப் பக்கம் பிறந்தவள், மலையாளத்தில் படித்து மலையாளப் பள்ளியில் டீச்சரானவள். அப்பா களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரர். நாகர்கோவிலில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விடுவார். என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவருடைய பிடிவாதம். வீட்டில் எல்லாரும் பேசுவது தமிழ்தான். ஆனால் அம்மாவுக்குத் தமிழ் வாயில் ஓடும், காகிதத்தில் ஓடாது. பஸ் பலகையையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தமிழில் ஒரு கல்யாணக் கடிதம் வந்தாலும், அப்பாவின் ஊரிலிருந்து ஒரு கார்டு வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு இருந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பனி என்று பேர். வேலைக்குப் பணி. பேசும்போது யாருக்கும் குழப்பம் வராது, எங்கள் ஊர் நாக்கு இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிடும். எழுதும்போதுதான் வம்பு. ஆறாம் வகுப்பில், "எனக்குப் பணியாக இருப்பதால் இரண்டு நாள் விடுமுறை வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் தமிழ் வாத்தியார் திருநெல்வேலிக்காரர். "அம்மாடி, உனக்கு என்ன பணி, கலெக்டர் உத்தியோகமா?" என்று கேட்டு வகுப்பு முழுக்க வாசித்துக் காட்டினார். ஒரு சுழியை அடித்துவிட்டு மறுபடி நீட்டினேன். "பனியா? இப்ப என்ன மார்கழியா? காய்ச்சல்னு எழுது" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சுழிப் பைத்தியம். யார் எதை எழுதினாலும் இரண்டு சுழியா மூன்று சுழியா என்று எண்ணாமல் விடமாட்டேன்.

சேச்சி கடப்புறத்துக்காரி. கடலோரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். திருப்புறம் தாண்டி பூவாறுக்குப் போகும் வழியில் அவளுடைய அக்காவின் வீடு, அதுதான் அவளுக்கும் வீடு. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை, பிள்ளைகளும் இல்லை. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில் தங்கினாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயிலில் பூசை காண ஊருக்குப் போவாள். எங்கள் வீட்டு நிலவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, திரி இட்டு, எண்ணெய் ஊற்றி வைப்பாள். கொளுத்த மட்டும் மாட்டாள். "அது டீச்சர் கொளுத்தட்டு" என்று ஒதுங்கி நிற்பாள். சிரிப்பு மட்டும் தாராளம். அம்மா ஏசினாலும் சிரிப்பாள், பால் பொங்கி வழிந்தாலும் சிரிப்பாள்.

அவள் வந்தபோது பேசிய வேலை அடுக்களையும் முற்றம் தூத்துப் பெருக்குவதும்தான். அம்மா பள்ளிக்கூடம் போக வேண்டும், எனக்குச் சோறு போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் துணி சேர்ந்தது. நெல் அவிப்பது சேர்ந்தது. மரச்சீனிக் கிழங்கு தோல் சீவி வெயிலில் உணத்துவது சேர்ந்தது. பிறகு ஒரு பசு வந்தது. பசு வந்தால் புல் வேண்டாமா? தொழுத்து வார வேண்டாமா? மாட்டுக்கொட்டகைதான் தொழுத்து. சாணமும் மூத்திரமும் மழைவெள்ளமும் கணுக்கால் வரை நிற்கும், எலிகள் வைக்கோலுக்குள் ஓடும். யாரும் அவளிடம் "இதையும் செய்" என்று சொன்ன ஞாபகம் எனக்கில்லை. அதுதான் அநியாயம். சொல்லாமலே ஒவ்வொன்றாக அவள் தலையில் ஏறியது. சம்பளம் மட்டும் ஏறவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த வருடம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்மா நெய்யாற்றின்கரையில் டீச்சர்மாருடைய ஊர்வலத்துக்குப் போய், பஞ்சப்படி கூட்டித் தரச்சொல்லி வெயிலில் கோஷம் போட்டுவிட்டு, தொண்டை கட்டிப்போய் வந்தாள். சேச்சி சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"டீச்சரே, இப்பிடித் தொண்டை கிழியக் கேட்டா தருவினுமா?"

"சும்மா கேக்கல்ல எட்டி. எங்க ஆவலாதி எல்லாத்தையும் வரிசையா எழுதிக் குடுத்திருக்கோம். எழுதிக் குடுத்தா அவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்க ஒக்குமா?"

சேச்சி காலி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் மத்தியானம் அம்மா தூங்கும்போது என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மக்கா, எனக்கு எழுத்து சொல்லித் தா. நானும் ஒண்ணு எழுதிக் குடுக்கணும்."

"என்னது?"

"எனக்க பணி எல்லாம். வரிசையா."

எனக்கு ஒரே குஷி. பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தேன். அ ஆ என்று ஆரம்பித்தேன், அவள் விடவில்லை. "அதெல்லாம் படிச்சு நான் என்ன பாஸாகவா போறேன்? எனக்க பணியை எழுதத் தெரிஞ்சா போதும்" என்றாள். அதனால் சேச்சி எழுதிய முதல் வார்த்தையே பணி. அடுக்களைத் தரையில் கரியால் எழுதினாள், பிறகு பென்சிலால் எழுதினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சுழியை விட்டுவிடுவாள்.

"மூணு சுழி! எத்தனை தடவ சொல்லணும்? ரெண்டு போட்டா வேற அர்த்தம்."

"இந்த ஒரு எழுத்துக்கு மட்டும் எதுக்கு மக்கா இத்தனை வளையம்? வலை பின்னுற மாதிரி இல்லியா இருக்கு!"

அவள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் கோபம் ஏறும். வாத்தியார் என்னை நிற்க வைத்துச் சிரித்தது அப்படியே உள்ளே கிடந்தது, அதை யார் தலையிலாவது கொட்ட வேண்டும் அல்லவா. ஒரு தடவை ஸ்கேலால் அவள் விரலில் அடித்துவிட்டேன். நாற்பது வயதுப் பெண்ணின் விரல். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிய விரல். சீ, நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது. அவள் விரலை உதறிவிட்டு, "எம்மா, டீச்சருக்க மோளு டீச்சரேதான்!" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சுழி தப்பவே இல்லை. இரண்டு போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள், நான் முறைப்பேன், அவசரமாக மூன்றாவதைச் சேர்ப்பாள்.

விடுமுறை முடியுமுன் பட்டியல் தயாரானது. அடுக்களைப் பணி. முற்றப் பணி. துணிப் பணி. நெல்லுப் பணி. மாட்டுப் பணி. தொழுத்துப் பணி. இப்படியே போய்ப் பதினாறு வந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுத்துக்கு உதவினேன், எழுதியதெல்லாம் அவள்தான். எழுதி முடித்து நான் மொத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"இத்தனையும் நானா செய்யுதேன்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

கீழே அவள் கேட்க நினைத்ததை எழுதினாள். தொழுத்துக்கு வேறு ஆள் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூசை காணப் போக வேண்டும். சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்டித் தர வேண்டும். இவ்வளவுதான். ஏழு வருடத்துக்கு இது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே, "பனி வந்து கெடந்தாலோ மக்கா? அந்த நாளுக்கு சம்பளம் பிடிக்கப்படாதுன்னு ஒண்ணு சேப்போமா?" என்றாள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல். அம்மா அந்த நாலு நாளைப் பிடித்துக்கொண்டாள். மாதத்துக்குப் பன்னிரண்டு விடுப்பு, அரைச்சம்பள விடுப்பு, அந்த விடுப்பு இந்த விடுப்பு என்று தனக்கு எண்ணத் தெரிந்த அம்மாதான் அதைச் செய்தாள். மாதத்துக்குப் பன்னிரண்டு என்றா எழுதினேன்? வருடத்துக்கு. கோபத்தில் கை ஓடுகிறது.

"அதெல்லாம் வேண்டாம் சேச்சி. நெறையக் கேட்டா அம்மா கோவப்படும்" என்றேன். அது ஒரு காரணம். தாளும் முடிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னது இன்னொரு காரணம். அதனால் காய்ச்சல் என்ற வார்த்தையை எழுத நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவும் அம்மாவும் காப்பி குடிக்கும்போது, சேச்சி அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு வாசற்படி ஓரம் போய் நின்றாள். அம்மா எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், என்னிடம் நீட்டினாள். நான் சத்தமாக வாசித்தேன். பதினாறு பணியையும் வாசித்தேன், மூன்று கோரிக்கையையும் வாசித்தேன். அப்பா, "நியாயந்தானே" என்றார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துல, எனக்கு எதிரா எழுதி வச்சிருக்கியா?" என்று சேச்சியைக் கேட்டாள்.

"அய்யோ டீச்சரே, எதிரா இல்ல. எனக்கு இந்த எழுத்துதான் கிட்டிச்சு."

"வாயால கேட்டா நான் தரமாட்டேனா?"

சேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். வாயால் கேட்டிருந்தால் அம்மா தந்திருப்பாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "மழை கழியட்டு, பாப்போம்" என்று சொல்லி அம்மா தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பேச்சு அதோடு நின்றது. ஆனால் அம்மாவின் மனசில் அது நிற்கவில்லை. அந்த வாரமே செங்கல் கோயிலில் வைத்து ஒரு பாங்கு அதிகாரியின் மனைவி, "ஒங்க வீட்டு ஆளு மாதிரி ஒருத்தி இருந்தா சொல்லுங்க, எவ்வளவு வேணும்னாலும் குடுக்கலாம்" என்று கேட்டிருக்கிறாள். அம்மா அதை வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். "எவ்வளவு வேணும்னாலும் குடுப்பாங்களாம். இவ காதுல விழுந்திருக்கும், பாரு."

பள்ளிக்கூடம் திறந்தது. மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை. தொழுத்தில் தண்ணீர் வடியவே இல்லை. சேச்சி மண்வெட்டியால் சாணம் வாரும்போது குதிகாலில் கீறிக்கொண்டாள். மஞ்சளை அரைத்து அப்பிவிட்டு மறுபடி அதே தண்ணீரில் இறங்கினாள். தொழுத்துக்கு வேறு ஆள் யாரும் வரவில்லை அல்லவா. பத்து நாள் கழித்து, மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனாள். போகும்போது, "மேலு எல்லாம் ஒரு நோவு" என்றாள். "போயி கெடந்து உறங்கு, திங்கக்கிழமை வெள்ளனே வந்துரு" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை சேச்சி வரவில்லை. நனைந்த விறகில் அம்மா ஊதி ஊதிக் கண் சிவந்து, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வழக்கமாக வரும் மீன்காரி படலுக்கு வெளியே கூடையை இறக்கி, வெற்றிலைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து என்னிடம் தந்தாள். "பஸ் ஸ்டாப்பில எவளோ கையில தந்து விட்டா. காலையில பதிலு கேட்டு அங்க நிப்பாளாம். வேற ஒண்ணும் எனக்கு அறியாது" என்றாள்.

நான் பிரித்தேன். சேச்சியின் எழுத்து. கோணல்மாணலாக, ஆனால் தப்பில்லாமல் எழுதியிருந்தாள்.

"எனக்கு பணி உண்டு. வர முடியாது. சம்பளம் கொடுத்து விடணும்."

நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது என்பதை நான் இங்கே அழுத்தி எழுத வேண்டும்.

"எட்டி, நல்லாப் பாத்துச் சொல்லு. இது பணியா, பனியா? மேலு நோவுன்னு சொல்லிட்டுல்லா போனா."

நான் பார்த்தேன். இரண்டு சுழி ஒன்றாகவும், மூன்றாவது கொஞ்சம் நெருக்கியும் இருந்தது. பிறகு யோசித்துச் சேர்த்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மறக்காமல் போட்டிருக்கிறாளே என்று பூரித்துப்போனேன்.

"மூணு சுழி அம்மா. பணியாக்கும். நான் சொல்லிக் குடுத்ததாக்கும், தப்பாது. பனின்னு யாராவது எழுதுவாங்களா? காய்ச்சல்னுல்லா எழுதணும்."

அம்மா தாளை மடித்தாள். "அப்பம் வேற பணி கிட்டியாச்சு" என்றாள். அடுக்களை வாசலில் போய் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். "ஏழு வருஷம், எட்டி. நேரில வந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதா? சீட்டு குடுத்து விட்டிருக்கா, சம்பளம் குடுத்து விடணுமாம்." வெளியே மீன்காரி, "பதிலு ஏதாவது உண்டா டீச்சரே, இருட்டுக்கு முன்ன நான் போவணும்" என்று குரல் கொடுத்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படலுக்குப் போனாள்.

"சம்பளம் வேணும்னா வந்து வாங்கச் சொல்லு. எனக்க மொகத்தப் பாத்து வாங்கட்டு."

அந்த வாரம் முழுக்க அம்மாவே எல்லாவற்றையும் செய்தாள். காலையில் தொழுத்து வாரிவிட்டு, குளித்து, சேலை கட்டி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். எனக்கும் சேச்சிமேல் கோபம்தான். நான் கற்றுக்கொடுத்த எழுத்தை வைத்தே எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று பொருமினேன், ஒரு வேலைக்கும் அம்மாவுக்கு ஒத்தாசை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா தொழுத்திலிருந்து வெளியே வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றாள்.

"இது ஒரு ஆளு செய்யக்கூடிய பணி இல்ல" என்றாள்.

சனிக்கிழமை அப்பா வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பட்டியலை எடுத்தாள். நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமையும் போகட்டும், தொழுத்துக்கு ஒரு ஆளைப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். "நாளைக்கு நானும் இவளும் போயி கூட்டிட்டு வாறோம். அந்த பாங்குக்காரி வீட்டுக்குப் போனா போயிட்டா, கெஞ்சியாவது கூட்டிட்டு வாறேன்." சம்பளத்தைக் கூடுதல் நூறோடு ஒரு கவரில் வைத்தாள். சேச்சிக்குப் பிடிக்கும் என்று நான் ஏத்தங்காய் வற்றல் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த வீட்டு முன்னால் போய் நின்றோம். ஓலைத்தட்டி சாய்ந்து கிடந்தது. உள்ளே மாதாவின் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்தது. பாயில் சேச்சியின் அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். எங்களைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"இப்பமா வாறிய?" என்றார்.

வியாழக்கிழமை இறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அடக்கம். ஆஸ்பத்திரியில் எலிப்பனி என்று சொன்னார்களாம், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருந்த காயம் வழியாக ஏறியிருக்கிறது என்று சொன்னார்களாம். இரண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார்களாம்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கப்படாதா? நான் ஓடி வந்திருப்பேனே!"

"எழுதி விட்டாளே டீச்சரே. பனி உண்டு, வர முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போவ பைசா இல்ல, சம்பளத்தக் குடுத்து விடுங்கன்னு எழுதி விட்டாளே."

என் கையிலிருந்த பொட்டலம் கனத்தது. எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது என்று அவள் மூச்சு சொன்னது.

"நீங்க சொல்லி விட்டது புதன்கிழமை வந்து சேந்து. வந்து வாங்கட்டுன்னு" என்றார் அக்கா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அவளுக்கு நம்ப முடியல்ல. பனின்னு தெரிஞ்சுமா டீச்சர் அப்பிடிச் சொல்லுவாங்கன்னு கேட்டுட்டே கெடந்தா. பின்ன, அங்க மழையில தனியா கஷ்டப்படுதாங்க போல, அதான்னு அவளே சமாதானம் சொன்னா. வியாழக்கிழமை வெள்ளனே எழும்பி சேலை மாத்தினா. வேண்டாம்னு நான் பிடிச்சேன், கேக்கல்ல. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போனா. அங்க விழுந்தா."

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "பணின்னுல்லா எழுதியிருந்து! வேற பணி கிட்டிச்சுன்னுல்லா நான் நெனச்சேன்!"

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சரே. ஆனா அவ எழுதும்போ நான் பக்கத்துல இருந்தேன். வெறச்சு வெறச்சு எழுதினா. அந்த எழுத்துக்கு மொதல்ல ரெண்டு வளையம்தான் போட்டா. மடக்கி எனக்க கையில தந்தா, தந்துட்டு திரும்ப வாங்கினா. இன்னொரு வளையம் சேத்தா. இல்லைன்னா அந்தப் பிள்ளை ஏசும்னு சொல்லிச் சிரிச்சா. அந்தப் பனியிலயும் சிரிச்சா."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதிய அழுத்தினாள்.

"அந்தச் சீட்ட வாசிச்சது நானாக்கும்" என்று அக்காவிடம் சொன்னாள். "எனக்குத் தமிழ் எழுத்து சரியாத் தெரியாது. நான் தப்பா வாசிச்சுப் போட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பதினான்கு வயது, பயந்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பிறகு முப்பது வயதிலும் நான் அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லவில்லை. அம்மா அப்பாவிடமும் அப்படியே சொன்னாள், பக்கத்து வீடுகளிலும் அப்படியே சொன்னாள். டீச்சருக்கு ஒரு சீட்டு வாசிக்கத் தெரியவில்லை, அதில் ஒரு உயிர் போய்விட்டது என்று ஊர் பேசியது. அதையும் கேட்டுக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பசுவை விற்றுவிட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பெருங்கடவிளையிலிருந்து வேறொரு பெண் வேலைக்கு வந்தாள். அவள் வந்த அன்றைக்கே அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து சேச்சியின் பட்டியலை எடுத்து என்னிடம் தந்து, வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணை எதிரில் நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் வாசிக்க வாசிக்க, இது உண்டு, இது கிடையாது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றாள். சம்பளம், சேச்சி கேட்டதைவிடக் கூடுதலாகச் சொன்னாள். சேச்சி கேட்டதெல்லாம், அவளை ஒருநாளும் பார்த்திராத ஒருத்திக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்பக்கம் வெறும் தாளா இருக்கும். அதுல ஒண்ணு சேத்து எழுது" என்றாள் அம்மா என்னிடம். "பனி வந்தா வரண்டாம். சம்பளம் பிடிக்கமாட்டேன்."

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. தாள் முடிந்துவிட்டது என்று நான் சேச்சியிடம் சொன்ன அந்தத் தாள்தான். பேனாவைப் பிடித்து மெதுவாக எழுதினேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எத்தனை சுழி போட்ட?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றேன்.